கையை முறித்த டாக்டரம்மா

1

இதை எழுத வேண்டாம் என்றுதான் என் வக்கீல் சொன்னார். தமிழில் எழுதினால் இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "அவர்களிடமும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்" என்றார். ஆனாலும் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். நான் இருக்கும் அமெரிக்க மாநிலத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அரியலூர், பெரம்பலூர், எறையூர் என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். நான் பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படித்துப் பட்டம் வாங்கியவள். இந்த நாட்டில் அந்த வேலையைச் செய்ய, பட்டம் போதாது. மாநிலத்தின் வாரியம் உரிமம் தர வேண்டும். வருடக்கணக்கில் அலைந்து, தேர்வும் எழுதித் தேறி, உரிமம் கைக்கு வரப்போகிற நேரத்தில் என் மேல் ஒரு விசாரணை வந்திருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்தேன் என்பது புகார். அது மோசமாக முடிந்தால் இந்த வேலையை ஆயுசுக்கும் மறந்துவிட வேண்டியதுதான்.

இன்று காலை, எறையூரில் இருக்கும் ஒரு பெரியம்மாவைப் போனில் விசாரிக்கிறார்கள். இங்கே காலை, அங்கே மாலை. பேச்சு முடிந்ததும் அவருடைய மகன் என்னைக் கூப்பிடுவான். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2

அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். நான் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே தெரு முழுக்க, "எம் மவ டாக்டருக்குப் படிக்கிது" என்று சொல்லிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய்த் துடுக்கு.

"டாக்டருக்கு இல்லப்பா. பிசியோதெரபி."

"நோவு தீத்து வுடுவீல்ல?"

"தீத்து வுடுவேன்."

"அப்பறம் என்ன? டாக்டருதான்."

கல்லூரியிலும் அதையேதான் சொன்னார்கள். முதல் நாள் வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, இன்றிலிருந்து நீங்கள் எல்லோரும் டாக்டர்கள் என்றார் முதல்வர். பெயருக்கு முன்னால் அதைப் போடலாமா கூடாதா என்று மேலே பெரிய சண்டை நடப்பது எங்களுக்கு அப்போது தெரியாது. என் கல்யாணத்துக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கட்டிய பிளெக்ஸில் மாப்பிள்ளையின் பெயரைவிட டாக்டர் என்ற எழுத்து பெரிதாக இருந்தது. மாப்பிள்ளை மணி கம்ப்யூட்டர் வேலைக்காரர், கோபப்படவில்லை. "படத்துல நா எங்கன்னு தேட வேண்டியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

படிப்பு முடிந்து கல்யாணம் ஆகும்வரை லப்பைக்குடிக்காட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தேன். வளைகுடாவில் சிமெண்டு மூட்டை தூக்கி முதுகு போனவர்கள்தான் பாதிப் பேர். திட்டக்குடியில் படுக்கையாய்க் கிடந்த ஒருவரைப் பார்க்க வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியும் போவேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் பெரம்பலூர் மாவட்டம், அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். பஸ் பாலத்தின் மேல் போகும்போது என் பட்டம் ஆற்றில் விழுந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சொன்னவரும் ஒருவர் இருந்தார். துபாயிலிருந்து திரும்பிய பாய் ஒருவர், கழுத்து வலிக்கு வருவார். எனக்கு அமெரிக்க மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டதும் வாழ்த்திவிட்டு, கொஞ்சம் இழுத்தார்.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. படிச்சது வேற, அங்க தொழில் பண்ண வுடுறது வேற. எம் மச்சான் இங்க லேப் டெக்னீசியன் படிச்சவன். அங்க கடையில வேல பாத்துக்கிட்டே, தெரிஞ்சவங்களுக்கு ரூம்ல ஊசி போட்டு வுட்டான். சும்மா, ஒதவிக்கு. ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஏத்தி வுட்டுட்டாங்க."

"நா ஊசியெல்லாம் போட மாட்டேன் பாய்" என்றேன்.

"இன்ஷா அல்லா, ஒங்களுக்கு அப்புடி வராது" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

3

இங்கே வந்த புதிதில் என் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் உரிமம் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களோ என் படிப்பைப் பாடம் பாடமாகப் பிரித்து எடை போட்டார்கள். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சரி. ஆனால் இங்கத்திய மாணவர்கள் படிக்கும் பொதுப் பாடங்கள் என்னிடம் இல்லையாம். கம்யூனிட்டி காலேஜ் என்கிற உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் இரண்டு பருவம் உட்கார்ந்து, பழைய காலத்துச் சிலைகளை எப்படிப் பார்த்து ரசிப்பது என்று படித்தேன். அதைப் படிக்காமல் ஒருவரின் முழங்காலைத் தொடக்கூடாது என்று ஏன் நினைத்தார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாங்கள் இருக்கும் ஊருக்கு வெளியே ஓர் ஆறு ஓடுகிறது. அக்கரையில் வேறு மாநிலம், வேறு வாரியம், வேறு விதி. ஒன்றில் போதும் என்கிற படிப்பு மற்றதில் போதாது. ஒரே பட்டம், ஒரே ஆள், ஒரே கை. பாலத்தைத் தாண்டும் போதெல்லாம் எனக்கு வெள்ளாறு ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கும்.

அரியலூரிலிருந்து யாராவது மாதத்துக்கு ஒருமுறை போன் பண்ணி, பிள்ளையை எந்தக் கோர்ஸில் சேர்க்கலாம் என்று கேட்பார்கள். கல்லூரி விளம்பரத்தில் அரசு அங்கீகாரம் பெற்றது என்று போட்டிருக்கிறது என்பார்கள். எதற்கு அங்கீகாரம் என்று கேளுங்கள் என்பேன். பட்டம் கொடுக்க ஒருவர் அங்கீகாரம் தருவார். அந்தப் பட்டத்தை வைத்து வேலை செய்ய இன்னொருவர் தர வேண்டும். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. இப்படிச் சொன்னால், "நீ போயிட்டீல்ல, எங்க புள்ள வரக்கூடாதா?" என்று போனை வைத்துவிடுவார்கள்.

உரிமம் வரும்வரைக்கும் என்று ஒரு கிளினிக்கில் உதவியாளாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். கட்டிலைத் துடைப்பது, துண்டு மடிப்பது, ஒத்தடப் பையைச் சூடாக்கி வைப்பது. நேற்று உரிமம் வாங்கிய சின்னப் பெண் ஒருத்தி நோயாளியின் தோளைத் தப்பாகப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு துண்டு மடிப்பேன். வாயைத் திறக்கக்கூடாது. எனக்கா, வாயைத் திறக்காமல்?

4

அஞ்சலை பெரியம்மா வந்தது போன இலையுதிர் காலத்தில். எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடியில் இருக்கும் சங்கரின் அம்மா. எறையூரில் கரும்பு வெட்டி மகனை இன்ஜினியராக்கியவர். சர்க்கரை நோய்க்காரர், வலது தோள் இறுகிப்போய் கையை மேலே தூக்க முடியாது. வந்த முதல் வாரமே, நான் அரியலூர்க்காரி என்று தெரிந்ததும் படி இறங்கி வந்துவிட்டார்.

"நீங்க டாக்டரம்மாவாம்ல. சங்கர் சொன்னான்."

"ஐயோ, அப்புடிச் சொல்லாதீங்க பெரியம்மா. இங்க நா டாக்டர் கெடையாது."

"அங்க?"

"அங்க... பிசியோதெரபி பாத்தேன்."

"பின்ன, ஏரோப்பிளேன்ல ஏறுனா படிச்சது மறந்தா பூடும்? தலை பின்ன முடியலம்மா. மருமவளப் பின்னச் சொல்ல வெக்கமா இருக்கு."

தலை பின்ன முடியவில்லை என்று ஒரு பெண்பிள்ளை சொன்ன பிறகு என்ன செய்வது? சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துத் தோளை மெல்ல மெல்லப் பிரித்துவிட்டேன். நான் காசு வாங்கவில்லை. நெல்லிக்காய் ஊறுகாய் கொண்டுவந்தார், அதை மறுத்தால் மனசு நோகும் என்று வாங்கிக்கொண்டேன். ("மதிப்புள்ள பொருள் ஏதேனும் பெற்றீர்களா?" என்று பின்னால் விசாரணைக்காரர் கேட்டபோது ஊறுகாயைச் சொல்ல வேண்டியதாயிற்று.) கார்த்திகை மாதம் பெரியம்மா தன் கொண்டையைத் தானே போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றார். பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் கை என் கையாக இருந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

என் மகள் யாழினி சோபாவில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் பார்ப்பாள். பன்னிரண்டு வயது. அவளுடைய தமிழ் எங்கள் வீட்டு அளவுக்கான தமிழ். சாப்பாடு, குளியல், திட்டு, இவற்றுக்குப் போதும். மரியாதைக்குச் சொல்வது, சும்மா சொல்வது, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைப்பது, இதெல்லாம் அதில் கிடையாது. ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, பாட்டி உன்னை டாக்டர்னு சொல்றாங்க. நீ டாக்டரா?"

"மரியாதைக்குச் சொல்றாங்க."

"அப்போ அது பொய்யா?"

"பொய் இல்லடி."

"ஒண்ணு ஆமா சொல்லு, இல்லன்னா இல்ல சொல்லு."

போய்ப் பல்லைத் தேய் என்று அனுப்பிவிட்டேன்.

5

முதல் பனி விழுந்த அன்று, சங்கரும் மனைவியும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பெரியம்மா அதைத் தொட்டுப் பார்க்க வெளியே போய் வாசல் படியில் வழுக்கி விழுந்தார். விழுந்தது வலது கை மேல். நான்தான் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் யாழினியும் வந்தாள்.

அங்கே போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கேட்டது பெரியம்மாவுக்குப் புரியவில்லை, பெரியம்மா சொன்னது அவருக்குப் புரியவில்லை. நடுவில் லைன் வேறு அறுந்துவிட்டது. நான் காரைச் சரியான இடத்தில் நிறுத்தப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் யாழினி மொழிபெயர்ப்பாளர் ஆகியிருந்தாள். நான் கதவருகில் வரும்போது நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, இந்தத் தோளில் முன்னாலேயே தொந்தரவு உண்டா, யார் பார்க்கிறார்கள் என்பது. பெரியம்மா வலியிலும் முகம் மலர்ந்து என்னைக் காட்டினார்.

"இதோ வந்துட்டாங்கல்ல, எங்க டாக்டரம்மா. வாராவாரம் சனிக்கெழம எங் கைய நல்லா முறிச்சி முறிச்சி வுடுவாங்க."

நம் பக்கத்துப் பேச்சு உங்களுக்குத் தெரியும். சோம்பல் முறிப்போம், நெட்டி முறிப்போம், இறுகிப்போன உடம்பை முறித்து விடச் சொல்வோம். யாழினிக்குத் தெரிந்த முறிப்பது ஒன்றுதான். அவள் ஒரு நொடி யோசித்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நல்ல தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்: இவங்கதான் அவங்க டாக்டர். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவங்க கையை உடைப்பாங்க.

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாள். மேல் கை எலும்பில் விரிசல். "உடைப்பார்களா?" என்று குழந்தையிடம் மறுபடி கேட்டாள். யாழினி தலையாட்டினாள். அதன் பிறகு என்னை அந்த அறைக்குள் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சமூகப் பணியாளர் வந்து என்னைத் தனியே உட்காரவைத்தார். முதியவர்களைத் துன்புறுத்துவது இங்கே பெரிய குற்றம். இல்லை, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது இல்லை, நான் உடைக்கவில்லை, இறுகிய தோளுக்குப் பயிற்சி கொடுத்தேன், மூட்டை இப்படிப் பிடித்து இப்படி நகர்த்தினேன், இது முறையான சிகிச்சை, நான் படித்தவள் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். கையாலும் செய்து காட்டினேன். அவர் நிதானமாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பனியில் விழுந்ததைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்திருந்ததால் துன்புறுத்தல் என்ற பேச்சு அன்று மாலையே போய்விட்டது. போகும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்களுக்கு இந்த மாநிலத்தில் உரிமம் இருக்கிறதா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையை உடைக்கவில்லை என்று நிரூபிக்கப் போய், சிகிச்சை செய்தேன் என்று என் வாயாலேயே சொல்லி முடித்திருந்தேன்.

6

வாரியத்திலிருந்து வந்த கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. இங்கே எல்லாக் கெட்ட சேதியும் மரியாதையாகத்தான் வரும். என் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, விசாரணை நடக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

"பேசாம அக்கரை மாநிலத்துல போட்டுப் பாக்கலாமா?" என்றார் மணி.

வக்கீலிடம் கேட்டோம். ஒரு மாநிலம் ஒழுக்கத்தைக் காரணம் காட்டி மறுத்தால் அது எல்லா மாநிலத்துக்கும் தெரிந்துவிடும் என்றார். பட்டத்தால் அந்த ஆற்றைத் தாண்ட முடியவில்லை, புகார் மட்டும் சுலபமாகத் தாண்டிவிடுமாம்.

அவர் கொடுத்த யோசனை எளிமையானது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். ஊர்க்காரர், அம்மா மாதிரி, காசு வாங்காமல் உதவினீர்கள், டாக்டர் என்பது உங்கள் பக்கத்தில் மரியாதைச் சொல், நீங்களாக அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அம்மாவும் அதையே சொன்னால் ஓர் எச்சரிக்கையோடு முடியலாம். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுக்கொன்று மாறினால்தான் ஆபத்து. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று வந்துவிட்டால், அப்புறம் அவர்கள் பார்ப்பது தோளை அல்ல, உங்களை.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாழினி நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஐ ஆம் சாரி" என்றாள். "நீ என்னடி பண்ணுவ, உனக்குத் தெரிஞ்சதச் சொன்ன" என்றேன். அவள் அதற்குப் பிறகு என் முன்னால் தமிழ் பேசுவதில்லை. சாப்பாடு வேண்டும் என்பதைக்கூட ஆங்கிலத்தில்தான் கேட்கிறாள். உரிமம் போனால் போகட்டும், இது எனக்குத் தாங்கவில்லை.

பெரியம்மா கை கூடியதும் எறையூர் போய்விட்டார். விசாரணை முடியும்வரை நான் அவரிடம் பேசக்கூடாது, சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சங்கரையும் விசாரணைக்காரர்கள் அப்படியே எச்சரித்திருந்தார்கள். அவன் அம்மாவிடம், "கேட்டதுக்கு உள்ளதச் சொல்லும்மா" என்று மட்டும் சொன்னானாம். அதற்கு அவர், "ஏண்டா, டாக்டரம்மாவுக்கு எதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டாராம். இவன் பேசாமல் இருந்துவிட்டானாம்.

அந்தப் பேசாமல் இருந்ததுதான் இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. நம் ஊரில் விசாரணை என்று யாராவது வந்தால் சனங்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை ஆலையில் தகராறு நடந்து போலீஸ் ஜீப் வந்து நின்றால், பக்கத்து வீட்டுக்காரன் பெயரே தெரியாது என்பார்கள். அதில் பயம் கொஞ்சம்தான், பாசம்தான் அதிகம்.

7

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருக்கும்போது சங்கர் கூப்பிட்டான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, முடிஞ்சிதுக்கா. எங்கம்மா ஒங்கள வுட்டுக்குடுக்கலக்கா!"

நான் கரித்துணியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னாங்க சங்கர்?"

"ஒங்களுக்கே பேசி அனுப்பிருக்காங்க. கேளுங்க. இனிமே பேசலாம்ல?"

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்திருந்தது. யாழினி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். அவளை வைத்துக்கொண்டே போட்டேன். பின்னால் கரும்பு டிராக்டர் போகும் சத்தம். பெரியம்மா, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதைப் போலத் தணிந்த குரலில் பேசினார். பழகிய நாளிலிருந்து முதல் முறையாக என்னை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை.

"கண்ணு, நாந்தான். ஒண்ணும் பயப்புடாத. அந்தப் பொண்ணு டாக்டரே கெடையாதுங்க, எங் கையத் தொட்டதே இல்ல, சும்மா பேச்சுத் தொணைக்கு வரும்னு அடிச்சிச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில நா அப்புடிச் சொல்லவே இல்ல, சின்னப்புள்ள தப்பாச் சொல்லிருச்சின்னுட்டேன். சத்தியம் பண்றீங்களான்னு கேட்டாங்க. புள்ள மேல பண்ணிட்டேன். நீ நிம்மதியா இரு."

யாழினிக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முகம் சிவந்து நின்றாள். பிறகு, பல நாட்களுக்கு அப்புறம், தமிழில் கேட்டாள்.

"அம்மா, நான் தப்பா சொல்லலதானே?"

"இல்லடா" என்றேன். "நீ தப்பாச் சொல்லல."

அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் வாரியத்துக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அதன் முதல் வரி, அஞ்சலை அம்மாளின் வலது கையை நான் என் இரண்டு கைகளாலும் பிடித்தேன் என்பது.